மாஸ்டர் மூக்கில் ஒரு வம்சம்

"இங்கே மருந்து கிடையாது, உழைப்புதான்" என்று உடற்பயிற்சிக் கூடத்துச் சுவரில், தன் படத்துக்குக் கீழே எழுதி வைத்திருந்தார் மாஸ்டர். படத்திலிருந்த தசைகளில் பாதி அவருடையவை; மீதி போட்டோக்காரனுடையவை.

யாருக்காவது தொடையில் கொப்புளம் வந்தால் மட்டும் கொள்கை சற்று ஒதுங்கி வழிவிடும். அறைக்குள் கூப்பிட்டு, ஆன்டிபயாடிக் அட்டையிலிருந்து இரண்டு மாத்திரை பிய்த்துத் தருவார். "வெளிய மூச்சு விடாதே." வலி குறைந்தால் போதும், மிச்சம் அடுத்தவனுக்கு. பெஞ்சு துடைக்கும் துண்டும் எல்லாருக்கும் ஒன்றுதான். அரைகுறை அடியில் செத்தவை சோப்ளாங்கிக் கிருமிகள். பிழைத்தவை துண்டேறிப் பயணம் போயின.

மனைவியின் தம்பிக்கு முழங்காலில் வந்த கொப்புளம் இரண்டு மாத்திரைக்கு மசியவில்லை. இன்னும் இரண்டு கொடுத்தார். அவன் காய்ச்சலில் உளறத் தொடங்கியதும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள். பின்னாலேயே சிஷ்யப் பட்டாளம்.

"கிருமி ரத்தத்துல கலந்துடுச்சு. டெஸ்ட் ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது," என்றார் டாக்டரம்மா. "முன்னாடி ஏதாவது ஆன்டிபயாடிக் குடுத்தீங்களா? திட்ட மாட்டேன். எந்த மருந்த ஆரம்பிக்கிறதுன்னு தெரியணும்."

ஒரு வார்த்தை போதும். ஆனால் சிஷ்யர்கள் முன்னாலா?

"மாத்திரையா? நம்ம கூடத்துலயா? சுத்தமான உடம்பும்மா அது!"

தான் ஒருவன்தான் திருட்டுத்தனமாக விழுங்கியவன் என்று நம்பிய ஒவ்வொரு சிஷ்யனும் பலமாகத் தலையாட்டினான். டாக்டர் வழக்கமான மருந்தை ஏற்றினார். அதே மருந்து. கிருமிக்கு அது பழகிய பானம். மறுநாள் சாயங்காலம் தம்பி போய்விட்டான்.

பிறகு ஆஸ்பத்திரிக்காரர்கள் கூடத்துக்கு வந்து எல்லார் மூக்கிலும் பஞ்சுக்குச்சி விட்டுக் கிருமி எடுத்துப் போனார்கள். முடிவு வந்ததும் டாக்டர் மாஸ்டரையும் மனைவியையும் வரச் சொன்னார்.

"மரபணுவ ஒப்பிட்டுப் பார்த்தோம். எல்லார்கிட்டயும் இருக்கிறது ஒரே வம்சம். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறியிருக்கு, மருந்தத் தாங்குற பலமும் ஏறியிருக்கு. ஆதி கிருமி இவர் மூக்குல."

"என் மூக்கா? ஒரு தும்மல்கூட வந்ததில்லையே!"

"அதுக்கு நீங்க வீடு. குடியிருக்கிற வீட்ட யாரு இடிப்பா?"

மனைவி கேட்டாள்: "வேற மருந்து ஏத்தியிருந்தா பொழைச்சிருப்பானா?"

"உறுதியாச் சொல்ல முடியாது. வாய்ப்பு இருந்துச்சு."

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். வம்சமே கெட்டாலும் பரவாயில்லை, தன் பெயர் கெடக் கூடாது.

"அவனுக்குக் கட்டுப்பாடு பத்தாது டாக்டர். நேரத்துக்கு முழுங்கியிருக்க மாட்டான். இல்லைன்னா, நான் குடுத்த நாலுலயே சரியாயிருக்கணும்."

"நாலா?" என்றாள் மனைவி.