வெட்டாமல் நின்ற வயல்

அந்த ஞாயிறு வானத்தில் ஒரு முகில்கூட இருக்கவில்லை. செட்டிகுளத்தில் இன்சாப்பின் வயலுக்குள் நின்ற சாரங்கா ஒளி அளக்கும் கருவியின் பொத்தானை அழுத்தினாள். விளக்கு எரியவில்லை. திரும்ப அழுத்தினாள். முதல்நாள் இரவு சார்ஜரைச் செருகியது ஞாபகம் இருந்தது. சுவரில் சுவிட்சைப் போட்டது ஞாபகத்தில் இல்லை.

இன்னும் கொஞ்ச நேரத்தில் செய்மதி மேலே போய்விடும். அது வயலைப் படமெடுக்கும் அதே நேரத்தில், நெல் எவ்வளவு வெயிலைத் திருப்பி அனுப்புகிறது என்று நிலத்தில் நின்று அளக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால், பிறகு படத்தை வைத்தே விளைச்சலைச் சொல்லலாம். அதுதான் அவளுடைய ஆய்வு. முற்றிய நெல்லின் அளவீடு மட்டுமே மிச்சம் இருந்தது.

இன்சாப் வழமைபோல வெள்ளைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெல்லை அளக்க முன் அந்தத் தட்டில் பட்டுத் திரும்பும் ஒளியை அளக்க வேண்டும். முதல் தடவை அவள் தனியாக அல்லாடியதைப் பார்த்துவிட்டுத் தானாகவே வந்து பிடித்தவர், பிறகு ஒருநாளும் தவறவில்லை.

"என்ன தங்கச்சி, சரி வரேல்லையா?"

"இன்சாப் நானா, வெள்ளிக்கிழமை வரைக்கும் வெட்டாமல் வைச்சிருக்க ஏலுமோ? செய்மதி இனி அண்டைக்குத்தான் வரும். இண்டைக்கு எடுக்கிறது போதாது."

அவர் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "செவ்வாய்க்கிழமைக்கு வெட்டுற மெசின் சொல்லி வைச்சிருக்கன்..." என்று இழுத்தார். பிறகு சிரித்தார். "சரி, உங்கட படிப்புக்குத்தானே. ஜும்ஆத் தொழுகைக்கு முதல் முடிஞ்சிடும்தானே?"

"ஓம் நானா, முடிஞ்சிடும்."

சாரங்கா தர்மபுரத்தில் வயல் செய்கிற வீட்டுப் பிள்ளை. முற்றிய நெல்லை வெட்டாமல் வைத்திருப்பது என்னவென்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள். பஸ்சுக்குள் இருந்து பேராசிரியர் நிஷாந்தனுக்குச் செய்தி அனுப்பினாள்: 'முகில் வந்துவிட்டது சேர். வெள்ளிக்கிழமை எடுக்கிறேன்.'

புதன் பின்னேரம் மழை தொடங்கியது. வியாழன் முழுக்கப் பெய்தது. வவுனியாவில் தன் அறையில் படுத்திருந்து தகரக் கூரையில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு இன்சாப்புக்குத் தொலைபேசி எடுக்கத் துணிவு வரவில்லை. வெள்ளிக்கிழமை செய்மதி முகிலைத்தான் படமெடுத்தது.

"வயல் படுத்திருக்கும். உடனே போங்கோ" என்றார் நிஷாந்தன். "விழுந்த நெல்லின்ர அளவீடு எங்களிட்ட இல்லை."

திங்கட்கிழமை வெயில் வந்ததும் போனாள். நெல் முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தது. மெசின் இறங்கினால் புதையும் என்பதால் இன்சாப் ஆட்களோடு தாக்கத்தியால் வெட்டிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் தாக்கத்தியை வரம்பில் வைத்துவிட்டு, சேற்றுக் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"தட்டைப் பிடிக்கவா தங்கச்சி?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். போகும்போது ஆய்வுகூடத்துக்கென்று ஒரு கட்டு நெற்கதிர்களையும் அவரே கட்டிக் கொடுத்தார்.

ஆய்வுகூடத்தின் இருட்டறையில் விளக்கின் கீழே கதிர்களைப் பரப்பினாள். மணிகள் முளைத்திருந்தன. திரையில் வரைகோடு வந்தபோது, முற்றிய நெல்லில் இருக்கக்கூடாத ஒரு பள்ளம் தெரிந்தது. முளைகளின் பச்சை நிறம் சிவப்பு ஒளியைக் குடித்திருந்தது.

நிஷாந்தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அருமை. இதை வைச்சே தனிக் கட்டுரை எழுதலாம்." பிறகு ஏதோ நினைவு வந்தவராகக் கேட்டார்: "ஞாயிறு படத்தை இறக்கிப் பாத்தனான். செட்டிகுளத்தில முகிலே இல்லையே?"

"முகில் இல்லை சேர். நான் பற்றரி சார்ஜ் பண்ணாமல் போயிட்டன். அதை மறைக்கத்தான் அவரை வெட்டாமல் வைச்சிருக்கச் சொன்னனான்."

அவர் திரையைப் பார்த்தபடியே இருந்தார். "சரி, நடந்தது நடந்திட்டுது. கட்டுரையைத் தொடங்குங்கோ."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள். அடுத்த நாள் கருவி இல்லாமல் செட்டிகுளத்துக்குப் பஸ் ஏறினாள்.

வீட்டு முற்றத்தில் இன்சாப்பின் மனைவி ஸுஹறா, படங்கு விரித்து முளைத்த நெல்லைக் காயவைத்துக்கொண்டிருந்தார். சாரங்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஸுஹறா நெல்லைக் கிளறுவதை நிறுத்தவில்லை.

"இவர் ஆர் என்ன கேட்டாலும் ஓம் எண்டுவார். அது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் ராத்தா."

"தெரிஞ்சுதான் கேட்டிருக்கிறீங்க." இப்போதுதான் நிமிர்ந்தார். "உங்கட பிழை எண்டு சொல்லியிருந்தா, ஒரு மூலையை மட்டும் விட்டிட்டு மற்றதை வெட்டியிருப்பம். அதுக்கும் அவர் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பார்."

சாரங்காவுக்கு அன்று அது தோன்றவே இல்லை. ஒரு மூலை போதும். அவளுக்குத் தேவையாக இருந்தது அவ்வளவுதான்.

இன்சாப் சாக்கோடு வந்து சேர்ந்தார். "வாங்க தங்கச்சி, அளவு நல்லா வந்ததா?" என்றார். அவருக்கும் முதலிலிருந்து சொன்னாள். சாக்கை இறக்கி வைத்துவிட்டுக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்டைக்கே சொல்லியிருக்கலாம்" என்றார். தங்கச்சி என்று சொல்லவில்லை.

"இந்த நெல்லை நானும் கிளறிவிடவா ராத்தா?"

"வேண்டாம்" என்றார் ஸுஹறா. "பஸ் வரப்போகுது. போங்க."

சொன்னால் மனம் கொஞ்சம் இறங்கும் என்று நினைத்துத்தான் வந்திருந்தாள். இறங்கவில்லை. வீதியில் பஸ்சுக்கு நின்றபோது நிஷாந்தனின் செய்தி வந்தது: 'கட்டுரைக்குத் தலைப்பு யோசித்தீர்களா?' அந்த வயலின் அளவீட்டைத் தான் எழுதப்போவதில்லை என்றும், அடுத்த போகத்தில் வேறு வயலில் முதலிலிருந்து தொடங்குவதாகவும் பதில் எழுதினாள். அவர் உடனே அழைத்தார். திட்டத்தான் போகிறார் என்று தெரிந்துகொண்டே அவள் தொலைபேசியைக் காதில் வைத்தாள்.