ஒற்றைக்கால் பூட்ஸ்

காலையில் கணவனிடம் பொய் சொல்லிவிட்டுத்தான் அவள் கிளம்பியிருந்தாள். கார் போகிற மலைக்குப் போகிறோம், மேலே ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவோம் என்று சொல்லியிருந்தாள். வந்திருப்பதோ பாதையே இல்லாத காட்டு மலை.

இழுத்து வந்தவள் நாத்தனார், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். வாரம் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சலில் காது புளித்துப்போனவளுக்கு, விடுமுறை வந்தால் ஆள் அரவமற்ற ஓர் உச்சி வேண்டும். அண்ணியான இவளுக்கோ மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வில்லை தேய்க்கும் வேலை. ஒரு மேசை, ஒரு விளக்கு, எந்திரத்தின் இரைச்சல். ஒருமுறை துணைக்கு வந்ததில் இந்த மலைப் பித்து அவளுக்கும் கொஞ்சம் தொற்றிக்கொண்டது.

வசந்தம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அடிவாரத்து மரங்கள் இன்னும் துளிர்க்காததால் காட்டை ஊடுருவிப் பார்க்க முடிந்தது. மேலே ஏற ஏற ஊசியிலை மரங்கள் நெருக்கியடித்து நின்றன. அவற்றின் நிழலில் பழைய பனி கரையாமல் கிடந்தது. காலையில் கல்லாக இறுகியிருந்த பனி, வெயில் ஏற இளகத் தொடங்கியிருந்தது.

"காலையில இறுகின பனியில நம்ம கால்தடமே பதியலையேடி, திரும்பி எப்படிப் போறது?"

"வந்த வழியெல்லாம் ஃபோன்ல பதிவாகுது அண்ணி. நீங்க சும்மா பயந்து சாகாதீங்க."

சொல்லி வாய் மூடவில்லை. ஒரு குட்டை மரத்தை ஒட்டிக் கால் வைத்த நாத்தனார், மார்பளவு பனிக்குள் பொதுக்கென்று இறங்கிவிட்டாள். கையிலிருந்த ஃபோன் குழிக்குள் விழுந்து, எங்கோ அடியில் ஓடிய தண்ணீரில் 'டுபுக்' என்றது.

"அண்ணி! கால் மாட்டிக்கிச்சு. பாறைக்கும் கிளைக்கும் நடுவுல. கீழ எல்லாம் வெறும் பொந்து!"

அண்ணி தன் ஃபோனை எடுத்துப் பார்த்தாள். சிக்னல் துளியும் இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. யாராவது தேடினாலும் அந்த ஹோட்டல் மலையில் அல்லவா தேடுவார்கள்!

உதவிக்கு ஆள் தேடி ஓடலாம். ஆனால் திரும்பி வரும்போது இந்த மரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லா மரமும் ஒரே அச்சில் வார்த்தது மாதிரி நின்றன. அவள் குப்புறப் படுத்து, சாப்பாட்டு டப்பாவின் மூடியால் பனியைத் தோண்டினாள். விரல்கள் மரத்துப்போயின. ஒருவழியாகக் கையை உள்ளே விட்டு, பூட்ஸின் கயிற்றைத் துழாவி அவிழ்த்தாள்.

"பூட்ஸ் போனாப் போகுது. காலை உருவு!"

நாத்தனார் அலறிக்கொண்டே வெளியே வந்து விழுந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அண்ணி தன் காலுறையைக் கழற்றி அவளுக்குப் போட்டு, மேலே பிளாஸ்டிக் பையைச் சுற்றி, தன் கம்பளித் தொப்பியை அதன்மேல் மாட்டினாள்.

"அண்ணி, உச்சி அதோ தெரியுது. கொஞ்ச தூரம்தான், போயிட்டு..."

"வாயை மூடு! உனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா உங்க அண்ணன் முகத்துல நான் எப்படிடி முழிப்பேன்?"

அண்ணி இப்படிக் கத்தி அவள் கேட்டதே இல்லை. சட்டென்று நாத்தனாரின் முகம் கோணியது.

"கீழ போக வழி தெரியலையே அண்ணி. பயத்துல என்ன பேசுறோம்னே தெரியாம உளறுறேன்."

அண்ணி அவள் தோளைத் தாங்கிக்கொண்டாள். உருகிய பனி ஓடையாக இறங்கிய பக்கமே இருவரும் இறங்கினார்கள். நடக்க முடிந்த இடத்தில் நடந்தும், முடியாத இடத்தில் உட்கார்ந்து சறுக்கியும். புதர் கீறி முகமெல்லாம் எரிந்தது. இந்த ஓடை அருவியாகக் குதித்தால் என்ன செய்வது என்று ஒவ்வொரு திருப்பத்திலும் அண்ணி முன்னால் எட்டிப் பார்த்தாள்.

வெயில் சாய்ந்த நேரத்தில் மரம் ஏற்றும் லாரிகளின் மண்சாலை ஒன்று வந்தது. சிக்னலும் வந்தது. கணவனை அழைத்து, ஒன்றுவிடாமல் உண்மையைச் சொல்லி, இருக்கும் இடத்தையும் ஃபோனில் அனுப்பினாள்.

"ரெண்டு பேருக்கும் நடக்க முடியுதா?"

"உங்க தங்கச்சிக்கு ஒரு கால்ல பூட்ஸ் இல்ல."

"அங்கேயே உக்காருங்க, வர்றேன். மத்ததை வீட்ல வச்சுப் பேசிக்கலாம்."

சாலையோரம் உட்கார்ந்து, நாத்தனாரின் வெளுத்த பாதத்தைத் தன் சட்டைக்குள் விட்டு வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். "உணர்ச்சி இருக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவள் இல்லையென்று தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

"ஐயோ, விடுங்க அண்ணி! உயிர் போற மாதிரி வலிக்குது!" என்று கடைசியில் அவள் கத்தியபோதுதான் அண்ணிக்கு மூச்சே வந்தது.