கனகலதாவின் குரல் இருந்த டிஸ்க்

செங்கம் ரோட்டில் என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வரும் ஹார்டு டிஸ்கெல்லாம் செத்த பிறகுதான் வரும். "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு" என்று ஒரு பொய்யும் கூடவே வரும். சன்மதி மட்டும் வெறுங்கையோடு வந்தார்.

"டிஸ்க்க பஸ்ல எடுத்துட்டு வர பயமா இருக்குதுங்க மேடம். நீங்க கீழ்பென்னாத்தூர் வந்து பாருங்க. அதுல என் சம்சாரத்தோட குரல் இருக்குது."

அவர் மனைவி கனகலதாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். கைக்குழந்தைக்காரியாக இருக்கும்போதே குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் மிஞ்சியது, பேச்சு போனது. ஆபரேஷனுக்கு முன்னால் அவர் குழந்தையோடு பேசியதை இரவல் கேமராவில் எடுத்திருந்தார்கள். அது அந்த டிஸ்கில் மட்டும்தான் இருந்தது, ஒரே பெரிய ஃபைலாக. அவர்களுடைய பழைய கம்ப்யூட்டரில் அது ஏற மணிக்கணக்காகும். கம்ப்யூட்டருக்கு நகல் எடுக்கப் போனால் சாயங்காலம் பாதியிலேயே டிஸ்க் திரையிலிருந்து காணாமல் போய்விடுகிறதாம். ஓட்டினால் கெட்டுவிடுமோ என்று பயந்து, நகல் ஏறாமல் அதை ஓட்டிப் பார்க்க மாட்டேன் என்று மனிதர் ஒரே பிடிவாதம். மகள் சுருதிக்கு நாலு வயது. அம்மாவின் குரல் அவளுக்கு நினைவே இல்லை.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். உலகத்தில் ஒரே ஒரு நகலை வைத்துக்கொண்டு இவருக்கு எப்படித்தான் தூக்கம் வந்ததோ. ஆனாலும் போனேன்.

மதியம் போய் உட்கார்ந்து கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன், மவுஸை உருட்டிக்கொண்டே இருந்தேன். நகல் ஒழுங்காக ஏறியது. சாயங்காலம் கனகலதா வந்து கையைக் காட்டிச் சாப்பிடக் கூப்பிட்டார். வெளியே இன்னும் வெயில் இருந்தது.

"நாங்க ஜைனருங்க. பொழுது போனப்புறம் சாப்ட மாட்டோம். வெளக்குல வந்து விழற பூச்சி சாகக்கூடாதுன்னு," என்றார் சன்மதி.

ஒரு பூச்சிக்காக வீடே வெயிலைப் பார்த்துச் சாப்பிடுகிறதா என்று எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நானோ பத்து மணிக்குப் புரோட்டா தேடுகிறவள். எல்லாரும் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டோம்.

திரும்பி வந்தால் திரை இருண்டிருந்தது. டிஸ்கின் பச்சை விளக்கு அணைந்திருந்தது. மவுஸைத் தொட்டதும் கம்ப்யூட்டர் விழித்தது, டிஸ்க் விழிக்கவில்லை.

"தெனமும் இதே நேரம்தாங்க," என்றார் சன்மதி, முகம் தொங்கிப்போய்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சார், உங்க டிஸ்க் சாகல. நீங்க எல்லாரும் சாப்டப் போனா தொட ஆளில்லாம கம்ப்யூட்டர் தூங்கிடுது. தூங்கறப்ப டிஸ்குக்குப் போற கரண்டையும் நிறுத்திடுது. அவ்ளோதான்."

கம்ப்யூட்டர் தூங்கவே கூடாது என்று மாற்றி வைத்தேன். கரண்டை மிச்சம் பிடிக்க யுஎஸ்பியை அணைக்கலாம் என்று ஒரு டிக் இருந்தது, அதையும் எடுத்தேன். நகல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

மறுநாள் காலையில் சன்மதி போன் செய்தார். "முழுசா ஏறிடுச்சுங்க. நீங்க வந்தாத்தான் போடுவோம்." கடையைத் திறக்காமலே பஸ் ஏறினேன்.

திரையில் கனகலதா, மடியில் குழந்தை. "சுருதி, என் கண்ணு, சிரி பாக்கலாம். அம்மா பேசறது கேக்குதா?" கொஞ்சம் கரகரத்த, அவசரக் குரல். என் பக்கத்தில் இருந்த கனகலதாவின் உதடுகளும் அதே சொற்களுக்கு அசைந்தன. என்னை அறியாமல் கைகூப்பினேன். கோயிலில்கூட நான் அப்படிக் கைகூப்பி நின்றதில்லை.

சுருதி திரையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். போய் மடியில் ஏறி, அம்மாவின் கழுத்தில் கட்டியிருந்த துணிமேல் காதை வைத்தாள்.

"கேக்குதும்மா," என்றாள்.