பணியாளர் எண்

துளசிராமன் வாசற்படியைத் தாண்டவில்லை. பதினோரு வருடமாகத் தாண்டியதில்லை. விக்டோரியா நீட்டிய தண்ணீர்ச் சொம்பைப் பார்த்து, "இப்பத்தாம்மா குட்ச்சேன்" என்றார். அதுவும் பதினோரு வருடத்துப் பதில்தான்.

கரண்ட் ஆபீஸில் அவர் நிரந்தர லைன்மேன். விக்டோரியாவின் புருஷன் சாம்சன் அவருக்குக் கீழே தினக்கூலி. கம்பம் ஏறுவது சாம்சன். கீழே நின்று ஏறச் சொல்வது அவர்.

கரண்ட் ஆபீஸைத் தனியாருக்கு விற்காதே என்று ஊரெல்லாம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். துளசிராமன் கையிலும் அந்த மனு.

"கடன் தலைக்கு மேல போச்சுன்னு வித்துடப் பாக்குறானுங்க. வித்தா, நூறு யூனிட்டு ஓசி இருக்குமா? போடுப்பா சாம்சா."

சாம்சன் பேனாவை வாங்கினான். வலது கையில் இரண்டு விரல் மடங்காது. மூன்று வருடத்துக்கு முன் கம்பத்தில் கருகியவை. வீட்டு மோட்டாரில் ஷாக் அடித்தது என்று ஆஸ்பத்திரியில் சொல்லச் சொன்னதும் துளசிராமன்தான்.

"தனியாரு வந்தா இவர எடுத்துப்பானா சார்?" என்றாள் விக்டோரியா.

"கனவு காணாத. சிப்காட்டு கம்பெனிங்கள்ல பாக்குறல்ல? ஆறு மாசத்துல தொரத்திடுவான்."

"நீங்க மட்டும் சேத்துக்கினீங்களாக்கும். விக்கிறவனயும் நம்ப முடியல, விக்காதன்றவனயும் நம்ப முடியல."

"நீ சும்மா இரு" என்றான் சாம்சன். நாளைய வேலை துளசிராமன் வாயில் இருந்தது.

பெயர் எழுதினான். அடுத்த கட்டம், பணியாளர் எண். பேனா நின்றது.

"இங்க இன்னா சார் எழுதறது?"

"அத்த வுடு. உனுக்கு வேற தாளு." துளசிராமன் அடியிலிருந்து ஒன்றை உருவினார். அதன் தலைப்பில் 'பொதுமக்கள்' என்றிருந்தது.

"கம்பம் ஏர்றவருன்னு எழுதிக்கட்டுமே" என்றாள் விக்டோரியா.

"பேஜாராயிடும்மா. ரூல்படி தினக்கூலி ஆளு மேல ஏறவே கூடாது."

சாம்சன் அந்தத் தாளை வாங்கினான். கறிக்கடைக்காரர் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டான்.

மின்விசிறி நின்றது. தெருவில் ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்தது. துளசிராமன் போனை எடுத்துக் கேட்டுவிட்டுப் பைக்கை உதைத்தார்.

"முனை போஸ்ட்டுல கம்பி வுட்டுப்போச்சாம். வா, ஏறு."

சாம்சன் படியில் உட்கார்ந்தான்.

"பொதுமக்கள் போஸ்ட்டுல ஏறக்கூடாதே சார்."

துளசிராமன் தெருமுனைக் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். உச்சி வெயில் கண்ணில் குத்தியது.

விக்டோரியா சொம்பை மறுபடியும் நீட்டினாள்.

"குட்ச்சிட்டு ஏறுங்க சார்."