பின்வாசல் காற்று

நன்றி சொல்வதுதான் மனித குலத்தின் மிகப் பெரிய எரிபொருள் விரயம். இதை நான் இயந்திரவியல் மூன்றாம் ஆண்டிலேயே நிறுவி, வகுப்பு வாட்ஸப் குழுவில் நான்கு பக்கக் கட்டுரையாக வெளியிட்டேன். பதினோரு பேர் படித்தார்கள். இருவர் குழுவை விட்டு விலகினார்கள். புரட்சிகள் இப்படித்தான் தொடங்கும்.

ஆய்வுக்கு மாதிரி என் அக்கா. லிஃப்ட் கதவு திறந்தால் தேங்க்ஸ் சொல்வாள். பணம் வராத ஏடிஎம்முக்கும் சொல்வாள். படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸ் வேலை அவளுக்கு. சொந்தக் கார் இருந்தால்தான் அந்த வேலை. அந்தக் காரோ மூன்று வாரமாக ஒவ்வொரு சிக்னலிலும் நடுங்கி அணைந்துகொண்டிருந்தது. இரண்டு பேருக்கு ஊசி தாமதமாகிவிட்டது. திங்கட்கிழமைக்குள் வண்டி சரியாகாவிட்டால் வேறு ஆள் பார்ப்பதாக அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

ஹாஸ்டல் நண்பனிடம் காரின் கோளாறைக் காட்டும் ஸ்கேனரை வாங்கிவந்து செருகினேன். எஞ்சினில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதாகக் காட்டியது. பெயரே அங்கு இருக்கும்போது குற்றவாளியை வேறெங்கே தேடுவது? சென்சாரையே மாற்றினேன். "தேங்க்ஸ்டா" என்றாள். அடுத்த சிக்னலில் வண்டி அணைந்தது. இறங்கித் தள்ளினேன். அதற்கும் ஒரு தேங்க்ஸ்.

சனிக்கிழமை காலை, அவளோடு பள்ளியில் படித்தவரின் பட்டறைக்குப் போனோம். அளந்து பார்க்காமல் ஸ்பேனரைக்கூடத் தொடமாட்டார் என்பதால் அவருக்குப் பெயர் மீட்டர்.

"பழைய சென்சார் என்ன ரீடிங் காட்டுச்சு?" என்றார்.

"பாயிண்ட் ஒண்ணு வோல்ட்ணே. அங்கியே படுத்துக் கிடந்துச்சு."

"புதுசு?"

திரையைப் பார்த்தேன். "அதே பாயிண்ட் ஒண்ணு."

"அப்ப சேதி சொல்ல வந்தவன வேலைய விட்டுத் தூக்கிட்டு, புது ஆள வெச்சு அதே சேதியக் கேட்டிருக்க."

அக்கா சிரிக்கவில்லை. அதற்காக உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மீட்டர் என்னை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொன்னார். வேகம் ஏறியதும், படுத்திருந்த எண் எழுந்து பாயிண்ட் ஒன்றுக்கும் பாயிண்ட் ஒன்பதுக்கும் இடையே ஊஞ்சலாடியது. காலை எடுத்ததும் மறுபடி படுத்துக்கொண்டது.

"ஊஞ்சலாடினா நல்ல எஞ்சின். இது ஓடறப்ப நல்லாருக்கு, நின்னா கெடுது. பெட்ரோல் பத்தலன்னா வேகத்துலதான திணறணும்? எங்கியோ பின்வாசல் வழியா காத்து குடிக்குது. வேகத்துல மொத்தக் காத்தோட அது கரைஞ்சுடும்."

க்ளீனர் ஸ்ப்ரேயைக் காற்றுக் குழாய்களின் ஓரமாகப் பீய்ச்சிக்கொண்டே வந்தார். ஓட்டை இருந்தால் எஞ்சின் அதையும் பெட்ரோல்போல உறிஞ்சி எரிக்கும், எண் எகிறும். வாசிப்பது என் வேலை.

"ஒண்ணு... ஒண்ணு... இன்னும் ஒண்ணுதான்ணே..."

ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பின்னால், சுண்டுவிரல் பருமனில் ஒரு ரப்பர் குழாய். அங்கே பீய்ச்சியதும் நடுக்கம் நின்றது.

"எட்டு" என்றேன்.

குழாய் பாதிதான் ஏறியிருந்தது. க்ளிப் பக்கத்தில் சும்மா தொங்கியது.

"இதக் கழட்டி மாட்டினது யாரு?"

மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 'இதுக்கெல்லாமா பட்டறைக்குப் போவாங்க' என்று மார்தட்டியபடி ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்த பொறியாளரை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் ஸ்கேனர் திரையைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வண்டி ஆடின ஆட்டத்துல தானா கழண்டிருக்கும்" என்றாள் அக்கா.

மீட்டர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இருக்கும். சில க்ளிப்புக்கு அந்தப் பழக்கம் உண்டு" என்றபடி குழாயை முழுதாக ஏற்றி இறுக்கினார். எண் ஊஞ்சலாடத் தொடங்கியது. அக்கா அவருக்கு நாலு முறை தேங்க்ஸ் சொன்னாள். ஸ்ப்ரே டப்பாவுக்கும் ஒன்று சொல்லியிருப்பாள், அதற்குள் நான் காரில் ஏறிவிட்டேன்.

முதல் சிக்னல், தொண்ணூறு வினாடி. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். அறுபது. நாற்பது. எஞ்சின் ஒரே சீராக முனகியது. திங்கட்கிழமை ஊசிகள் நேரத்துக்குப் போய்விடும். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு டார்ச் பிடித்ததே அக்காதான். க்ளிப்பை நான் மறந்தது அவளுக்குத் தெரியும்.

"தேங்க்ஸ்கா" என்றேன், ஜன்னல் பக்கம் திரும்பி.

"என்னடா சொன்ன?"

"பச்சை விழுந்துடுச்சு. போ."