கன்று சேர்த்தி இல்லை

எத்திராஜ் தரகு பார்த்த சித்தூர்ப் பக்கத்துச் சந்தையில் மாட்டின் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டைப் போட்டு மூடினால், அதனடியில் இரண்டு கைகள் பேசிக்கொள்ளும். விரலைப் பிடித்தால் எண்ணிக்கை. கையை மூடி அழுத்தினால் பேரம் முடிந்தது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டால் வேறு ஆளைப் பார் என்று பொருள். சுண்டுவிரலை மட்டும் கிள்ளினால், 'கன்றும் சேர்த்திதானே?' என்று கேள்வி. அவன் அண்ணன் கோவர்த்தனன் அதைக் கேட்காமல் ஒரு பேரத்தையும் முடித்ததில்லை. கொசுறு வராவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

டிராக்டர் பெருகி உழவு மாடு குறைந்ததும் கோவர்த்தனன் குவைத்துக்கு டிரைவராகப் போனான். பஸ் ஏறுமுன் தம்பியின் கையைத் துண்டுக்குள் இழுத்து மூன்று விரலைப் பிடித்தான். மூன்று வருஷத்தில் திரும்பிவிடுவேன் என்று அர்த்தம். எத்திராஜ் கையை மூடினான். ஆனால் மூன்றாம் மாதமே அண்ணன் சவப்பெட்டியில் வந்தான். தண்ணீர் கேன் தூக்கும்போது விழுந்தானாம், வயது முப்பத்தெட்டு. அவர்கள் குடும்பத்தில் பேச்சு மாறிய முதல் தரகன்.

நாலு வருஷம் கழித்து எத்திராஜுக்கும் குவைத் விசா வந்தது. வேண்டுதலுக்காகத் திருமலைக்கு அலிபிரிப் படியேறியவன் முந்நூறாவது படியில் மயங்கி விழுந்தான். திருப்பதியில் டாக்டர் வெங்கடரமணன் அண்ணன் கதையைக் கேட்டதும் பேனாவை மூடி வைத்தார்.

"எக்கோவுல இதயத்தோட வலது கீழறை சரியாத் தெரியல. அந்தச் சுவர் மெலிசு. எம்.ஆர்.ஐ. எடுத்தா தழும்பு இருக்கான்னு பாக்கலாம். உங்க அண்ணனுக்கும் அதேதானோ என்னவோ. இது ரத்தத்துல வர்றது."

எத்திராஜின் மனைவி பத்மினி ஒன்றுதான் கேட்டாள். "அப்போ எங்க பொண்ணு கலைவாணிக்கு?"

"முதல்ல இவருக்கு இருக்கான்னு பாப்போம்மா."

ஸ்கேன் அறையில் டெக்னீஷியன் கிரண்குமார், இடுப்பிலிருந்த, இரும்புக் கொக்கி வைத்த வெள்ளி அரைஞாணைக் கழற்றச் சொன்னான்.

"அதையும் கயட்டிட்டா நான் இன்னா, இப்பதான் பொறந்த கொயந்தயா?"

"காந்தம் இழுக்கும் அண்ணா. உங்களையும் சேத்து."

கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தான். பயமாக இருந்தால் அமுக்க வேண்டும், மணி அடிக்கும். மார்புக்குக் கீழே போர்வை. பலகை குழாய்க்குள் போனது. எங்கோ ஆணி அடிப்பது போலச் சத்தம். நடுநடுவே, "மூச்சை இழு. அடக்கு" என்று ஒரு குரல்.

மூன்றாவது தடவை அடக்கியபோது, போர்வைக்கு அடியில் ஒரு கை வந்து அவன் ஆள்காட்டி விரலைப் பிடித்தது. ஜில்லென்ற கை. கட்டை விரலில் கயிறு அறுத்த பழைய காய்ப்பு. கோவர்த்தனனுடையது.

எத்திராஜ் தொழில் பழக்கத்தில் வெடுக்கென்று கையை இழுத்தான். பந்து அமுங்கியது. மணி அடிக்க, பலகை வெளியே வந்தது.

"எந்துகண்ணா நொக்காவு? ஏன் அமுக்குனீங்க? படம் மொத்தம் போச்சு!"

"யாரோ கையப் புடிச்சாங்க நைனா."

"உள்ள ஒருத்தர் படுக்கவே இடம் பத்தாது. ரெண்டாவது ஆள் எப்டி வருவாரு?" கிரண்குமார் சிரித்துக்கொண்டே ஊசியில் மருந்தை ஏற்றினான். "பத்து நிமிஷம் ஆவணும். நல்ல தசை இந்த மருந்தை விட்டுடும். தழும்பு விடாது. படத்துல வெள்ளையாத் தெரியும். இந்த வாட்டி கதலொத்து அண்ணா, ஆடவே கூடாது."

கைக்கு வந்ததை விடாதது தழும்பு மட்டுமா என்று எத்திராஜ் நினைத்தான்.

மறுபடியும் குழாய். மறுபடியும் அந்தக் கை. இம்முறை அவன் இழுக்கவில்லை, மூடவும் இல்லை. கை திறந்து கிடக்கிறவரை பேரம் முடிந்ததாகாது. அது சந்தை நியாயம். செத்தவனானாலும் தரகன் தரகன்தானே? "அடக்கு" என்றது குரல். அவன் அடக்கினான். காதோரம் இன்னொரு மூச்சு மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் டாக்டர் படத்தைக் காட்டினார். கறுத்த தசையின் விளிம்பில், நகத்தால் கீறியது போல ஒரு வெள்ளைக் கோடு.

"இருக்கு. ஓடக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, படியேறக்கூடாது. குவைத்தை மறந்துடுங்க. நெஞ்சுல ஒரு கருவி வெச்சுட்டா, துடிப்பு தப்புனா அதுவே அடிச்சு எழுப்பும். அடுத்த வாரம் பொண்ணைக் கூட்டிட்டு வாங்க."

சித்தூர் பஸ்ஸில் பத்மினி படக்கவரை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எத்திராஜ் மடியில் துண்டு. அதனடியில் அந்தக் கை வந்தது. அவன் பார்க்கவில்லை. விரித்தே வைத்திருந்தான்.

"ஏன்யா இப்டி வேத்துக் கொட்டுது?" என்றாள் பத்மினி.

"பேச்சு நடந்துக்கினு கீது."

"யாராண்ட?"

அந்தக் கை ஒவ்வொரு விரலாகத் தடவிக்கொண்டு போய், கடைசியில் சுண்டுவிரலில் நின்று, மெல்லக் கிள்ளியது.

எத்திராஜ் துண்டோடு கையை உதறி எழுந்தான்.

"கன்னு சேத்தி இல்ல!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "எங்கய்யா எறங்கணும்?" என்றார் கண்டக்டர்.

பத்மினி கீழே விழுந்த துண்டை எடுக்கக் குனிந்தாள். தொட்டவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். ஐஸ் மூட்டையைச் சுற்றி எடுத்த மாதிரி, துண்டு ஜில்லென்றிருந்தது.