நடைக்குப் போன மண்வெட்டி

பாகூர் ஏரிக்கரையில் பலராமன் நடக்காத நாள் அபூர்வம். வேலை வெட்டி இல்லாதவன்தான் சும்மா நடப்பான் என்று ஊர் கேலி பேசிய காலத்திலேயே வெள்ளை ஷூ மாட்டிக்கொண்டு நடந்தவர் அவர். நாலு காணி கரும்பு வைத்திருக்கிற மனுஷனுக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்டவர்களிடம் வாய் கொடுக்கவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரையால் காலை எடுத்தபோது ஆஸ்பத்திரியில் கூட இருந்தவர். தனக்கும் சர்க்கரை என்று தெரிந்ததிலிருந்து தன் கால்களை நினைத்தாலே பயம்.

கொரோனா வந்தது, ஊரடங்கு போட்டார்கள். ஏரிக்கரை முனையில் போலீஸ் நின்றுகொண்டு நடக்க வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பியது. விவசாய வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் தடையில்லை. பலராமன் மொட்டை மாடியில் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். தலை சுற்றியதுதான் மிச்சம், சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. மறுநாள் லுங்கியை மடித்துக் கட்டி, மாட்டுக் கொட்டகையில் கிடந்த மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். போலீஸ்காரர், "போங்க பெரியவரே" என்று மரியாதையாக வழிவிட்டார்.

அந்த வீட்டில் மண்வெட்டி பிடிக்கிற கை சாமிக்கண்ணுவுடையது. இருபது வருஷமாகக் கூலிக்கு வருகிறவர், கரும்பு வேலை முழுக்க அவர் பொறுப்பு. பலராமனுக்கு மண்வெட்டி தோளில் உட்கார்ந்ததே அதுதான் முதல் தடவை. தினமும் அதைச் சுமந்தபடி கரை முழுக்க நடந்துவிட்டுத் திரும்பினார். சர்க்கரை இறங்கியது. மண்வெட்டியோடு ஒரு போட்டோ எடுத்து, எந்தச் சாக்கும் சொல்லாமல் உடம்பைப் பாருங்கள் என்ற உபதேசத்தோடு சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டார். மண்ணின் மைந்தர் என்று மச்சான்கள் புகழ்ந்தார்கள். அவரும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டார்.

கரும்பு சாயாமலிருக்கத் தூரைச் சுற்றி மண் அணைக்கிற வேலை மட்டும் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. ஆளைக் கூப்பிட்டால் நோயும் கூடவே வந்துவிடுமோ என்று அவர் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே வந்து நிற்கிற சாமிக்கண்ணுவை இந்த வருஷம் காணோமே என்று மனைவி தையலம்மாள் கேட்டாள். அவனுக்கும் பயம் இருக்காதா என்று சொல்லிவிட்டார். உள்ளுக்குள் அவருக்கு அது நிம்மதிதான்.

ஒருநாள் காலை கரைச் சரிவில் சாமிக்கண்ணுவின் மனைவி ரோசம்மாள் கீரை பறித்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஒதுங்கி நின்றாள். சாமிக்கண்ணு ஏன் வருவதில்லை என்று விசாரித்தார்.

"எப்பிடிங்கையா வருவாரு? நீங்களே மம்முட்டி தூக்கிக்கினு போறத எங்க தெருவுலேர்ந்து தெனமும் பாத்துக்கினுதான இருக்கோம். ஐயாவுக்கு இன்னா கஷ்டமோ, அவரே கரும்புக் கொல்லையில எறங்கிட்டாரு, இப்ப போயி வேல கேட்டு நின்னா நல்லா இருக்காதுன்னுட்டாரு."

வேறு வேலையும் கிடைக்கவில்லை, ரேஷன் அரிசியில் ஓடுகிறது, தொட்டுக்கொள்ளத்தான் இந்தக் கீரை என்றாள். குறை சொல்லும் குரலில்லை அது. பலராமனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தன் காலைக் காப்பாற்ற நடந்த நடை, இன்னொருத்தன் வயிற்றில் அடித்திருக்கிறது.

அப்போதும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. நேராகக் கரும்புக் கொல்லைக்குப் போனார். கரையைத் தாண்டி இருந்ததால் அது சாமிக்கண்ணுவின் தெருவுக்குத் தெரியாது. ஒரு வரிசைக்காவது மண் அணைத்து வைத்தால் இத்தனை நாள் போட்ட வேஷத்துக்குக் கொஞ்சம் மண்ணாவது ஒட்டுமே என்று குனிந்தார். நாலு வெட்டில் மூச்சு இரைத்தது. ஐந்தாவது வெட்டில் நல்ல கரும்புத் தூர் ஒன்று பெயர்ந்து வந்தது. ஊரெல்லாம் மெச்சிய உடம்பின் லட்சணம் அவ்வளவுதான். சுற்றுமுற்றும் பார்த்து, தூரைப் பழையபடி நட்டு, காலால் மண்ணை மிதித்தார். இதைச் செய்கிறபோது அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மண்வெட்டியோடு சாமிக்கண்ணுவின் தெருவுக்குப் போனார். வெளியாட்கள் நோயைக் கொண்டுவராதபடி தெருமுனையைச் சவுக்குக் கட்டை கட்டி அடைத்திருந்தார்கள். கூப்பிட்டதும் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு கட்டைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார் சாமிக்கண்ணு. முன்னைவிட இளைத்திருந்தார். உடம்புக்கு முடியாத நீங்கள் எதற்கு இவ்வளவு தூரம் அலைகிறீர்கள், ஆள் விட்டிருக்கலாமே என்று அவர்தான் முதலில் கரிசனப்பட்டார். அதற்கு மேல் பலராமனால் தாங்க முடியவில்லை.

"நான் ஒரு பிடி மண்ணுகூட அணைக்கல சாமிக்கண்ணு. சும்மா நடந்தா போலீஸ் வுட மாட்டேங்குது. அதுக்குத்தான் இத தூக்கிக்கினு திரிஞ்சேன்."

ஏச்சுக்குத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டார். காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்வது என்று இருந்தார். ஆனால் சாமிக்கண்ணுவின் முகத்திலிருந்து துண்டு நழுவியது. அவருக்கு வந்திருந்தது சந்தோஷம்.

"அப்ப கரும்பு வேல அப்பிடியேதான் கெடக்குதுங்களா ஐயா?"

கேட்டுக்கொண்டே மண்வெட்டிக்காகக் கட்டைக்கு மேலே கையை நீட்டினார். திட்டியிருந்தால் பலராமன் நிமிர்ந்து பார்த்திருப்பார். அந்த முகத்தைப் பார்க்கிற தைரியம் இல்லாமல், தரையைப் பார்த்தபடியே மண்வெட்டியைக் கொடுத்தார்.